யானைக்கும் எடிசன் போட்டிக்கும் சம்பந்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த எடிசன்–டெஸ்லா மின்சாரப் போட்டி பற்றிய கட்டுரையைப் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், ஆபத்தானது என்று காட்ட எடிசன் ஒரு யானைக்கு ஷாக் வைத்துக் கொன்றாராம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததைப் பார்த்தது எங்கள் பக்கம். அதனால்தான் இந்த வரியைச் சும்மா விட மனமில்லை.

டாப்ஸி என்ற அந்த யானை செத்தது 1903 ஜனவரியில், நியூயார்க்கின் கோனி தீவில். கொல்ல முடிவு செய்தவர்கள் அங்கிருந்த பூங்காவின் முதலாளிகள். எடிசன் பெயரிலிருந்த கம்பெனி அதைப் படம் பிடித்தது, அவ்வளவுதான். ஏசியா, எடிசன் விற்ற டிசியா (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) என்ற சண்டை அதற்குப் பத்து வருடம் முன்பே ஓய்ந்துவிட்டது. அதற்காக எடிசனை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. 1888இல் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே நாய்களையும் கன்றுகளையும் ஏசி பாய்ச்சிக் கொன்று காட்டினார்கள். எதிரில் பணம் போட்டு நின்றவரும் டெஸ்லா அல்ல, ஏசி கம்பெனி முதலாளி வெஸ்டிங்ஹவுஸ்.

நான் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவன். டிரான்ஸ்பார்மரை விட்டு வெகுதூரம் தள்ளி, கடைசிக் கம்பத்தில் இருக்கும் கிணற்று மோட்டார்தான் என் கடைக்கு அடிக்கடி வரும். வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் உறுமிக்கொண்டு ஆம்ப்ஸ் அதிகம் இழுக்கும். அப்புறம் வார்னிஷ் கருகிய நாற்றத்தோடு காயில் கரியாக வந்து சேரும். எடிசனுக்கும் இதே தொல்லைதான். 1882இல் நியூயார்க்கில் அவர் கொடுத்த 110 வோல்ட் டிசி, ஒன்றரை கிலோமீட்டர் போவதற்குள் சோர்ந்துவிடும். ஏசி என்றால் டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றி அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

நயாகரா அருவி மின்நிலையத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சரி. ஒகேனக்கல்லுக்கு மேலே, அதே காவிரியில் இருக்கும் சிவசமுத்திரம் மின்நிலையத்தைப் பற்றி ஒரு வரி எங்கே? 1902இல் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு சுமார் 147 கிலோமீட்டர் லைன் இழுத்தார்கள். தமிழ் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்க வேலைக்குப் போன அதே தங்கவயல்தான், கிருஷ்ணகிரிக்குப் பக்கம். போனது ஏசி. மின் இயந்திரங்களைக் கொடுத்தது ஜெனரல் எலெக்ட்ரிக். 1892இல் எடிசனின் கம்பெனியை இன்னொன்றோடு இணைத்து, அவர் பெயரை மட்டும் கழற்றிவிட்டு உண்டாக்கிய கம்பெனி!

சிவசமுத்திரத்தை இன்னொரு நாள் எழுதிக்கொள்ளுங்கள். யானைக்கு மட்டும் ஒரு வரித் திருத்தம் சீக்கிரம் போடுங்கள். வியாழக்கிழமை பேத்தி இதைப் பள்ளியில் பேசப்போகிறாள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்