புகைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தின்படி மாதாந்திரப் போட்டியை நிறுத்திவிட்டு, இந்த ஆண்டு முழுவதும் சிறு தொடர்களில், அதாவது ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய சில படங்களின் வரிசைகளில், கவனம் செலுத்தினோம். ஆகவே அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும். மற்ற விவரங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. சங்கத்தை விட்டுப் போனவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் ஏறக்குறையச் சமம். உறுப்பினர்கள் சிலர் நூலகத்துக்குப் பழைய புகைப்பட நூல்களைக் கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. பிரிண்டர் பழுதாகிச் சரிசெய்யப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

சிறு தொடர்கள்

ஒரு படம், பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்ற முறையில் பல ஆண்டுகள் போட்டி நடத்தினோம். அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஃபிரேம் எல்லாவற்றிலும் நம்மவர்கள் கைதேர்ந்தார்கள். கூடவே, எந்த நடுவருக்கு எது பிடிக்கும் என்பதிலும் கைதேர்ந்தார்கள். சங்கச் சுற்றுலா போனால் ஒரே சூரிய அஸ்தமனத்தை அத்தனை பேரும் எடுத்துவந்து, ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்தோம். பிரிண்டின் பின்னால் பெயர் எழுதவில்லை என்றால் எது யாருடையது என்று பிரிப்பதே பெரும்பாடு. இதை மாற்றத்தான் தீர்மானம்.

விதிகளை எளிதாக வைத்தோம். ஐந்துக்குக் குறையாமல், ஒன்பதுக்கு மிகாமல் படங்கள். எல்லாம் ஒரே அளவு. எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று காட்டும் ஒரு தாள். விருப்பமிருந்தால் 50 சொற்களுக்குள் ஒரு குறிப்பு. இந்த யோசனையில் பாதி இரவல்தான். பிரிட்டனில் 1853இல் தொடங்கப்பட்ட ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி, தன் முதல்நிலைத் தகுதிக்கு 10 படங்களும் அடுத்த நிலைக்கு 15 படங்களும் கேட்கிறது. தனித்தனியே பார்ப்பதோடு நில்லாமல், வரிசைத் தாளின்படி சேர்த்துவைத்தும் மதிப்பிடுகிறது. நாம் பத்துக்குக் கீழே நின்றுகொண்டோம். எண்ணிக்கையைத் தளர்த்தினால் விட மனமில்லாத படங்களையெல்லாம் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று தலைவர் எச்சரித்தார். ஓராண்டு அனுபவம் அவர் பக்கமே நிற்கிறது. மூன்று போதாதா என்றும் கேட்டார்கள். போதாது. நாலைந்து படம் போனால்தான் பார்ப்பவர் ‘இது இப்படித்தான் போகும்’ என்று எதிர்பார்க்கத் தொடங்குவார். அந்த எதிர்பார்ப்பை அடுத்த படத்தில் கலைக்கவும் முடியும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டுவேன் மைக்கேல்ஸ் 1970இல் செய்த ஒரு தொடரில் ஆறே படங்கள். குறுகிய சந்தில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே வருகிறார்கள், கடந்து போகிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் ஒரு முழுச் சிறுகதை அடங்கிவிடுகிறது.

தொடக்கத்தில் வந்த தலைப்புகள் தனிமை, காலம், நம்பிக்கை, அமைதி என்று இருந்தன. தலைப்பைக் கேட்டவுடன் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தனிமை என்றால் ஆளில்லாத பெஞ்சு, கம்பியில் ஒற்றைப் பறவை, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் முதியவர். இந்தத் தலைப்புகளுக்கு எந்தப் படம் என்பதை நமக்கு முன்பே யார் யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். நாம் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

‘தனிமை’யோடு வந்த இளம் உறுப்பினர் ஒருவரிடம், “அது உங்கள் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார் தலைவர். அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டதாகவும், இருவரும் பங்கிட்டுக்கொண்ட அறையில் அண்ணனின் பாதி அப்படியே இருப்பதாகவும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு ஐந்து படங்கள் வந்தன. சுவரில் அண்ணன் தலைசாய்த்த இடத்தில் மங்கிய கறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொக்கிகள், ஒன்றில் மட்டும் சட்டை. இருவரும் பயன்படுத்திய ஸ்விட்சுப் பலகையில் ஒரே ஒரு சார்ஜர். நான்காவது படத்தில் தம்பியின் புத்தகங்கள் அலமாரியின் நடுக்கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் ஓரமாக ஏறியிருக்கின்றன. ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம். பிரிவோடு கூடவே, இடம் கிடைத்த சின்ன மகிழ்ச்சியும் அதில் இருந்தது. எடுத்தவர் அதை ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த தொடர் இதுதான். செயலாளர் விருப்பு வெறுப்பு காட்டக்கூடாது என்பார்கள். இதற்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கிறேன்.

நல்ல லென்ஸ் இல்லை, பயணம் போக வசதி இல்லை, எடுக்கும்படியாகச் சுற்றுவட்டாரத்தில் எதுவும் இல்லை என்ற புலம்பல் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்தது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டையே விடையாகச் சொன்னோம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். அவர் படங்களின் வலிமை படத்தில் இருக்கும் ஆட்களால் வருவது என்று பேச்சு இருந்தது. பதிலாக, எல்லோர் தலைக்கு மேலும் இருக்கிற ஒன்றையே எடுத்துக் காட்டினார். போகப் போகத் தொடுவானத்தையும் விட்டுவிட்டார்; சில படங்களில் மேல் எது, கீழ் எது என்று சொல்ல முடியாது. அந்த வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது.

நேர்மாறான ஒரு வழியையும் பார்த்தோம். ஜெர்மன் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி 1959 தொடங்கித் தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், ஊதுலைகள் ஆகியவற்றை எடுத்தார்கள். மேகமூட்டமான வானம், நிழல் விழாத வெளிச்சம், நேருக்கு நேர் கோணம், கருப்பு வெள்ளை. எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக் கட்டம் கட்டமாக அடுக்கியதால், ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் உள்ள வேறுபாடு மட்டும் கண்ணில் படுகிறது. ‘எனக்கென்று ஒரு பார்வை’ என்றதும் கேமராவைச் சாய்ப்பதும் நிறத்தை ஏற்றுவதுமாக இருந்த சிலருக்கு இது நல்ல மருந்தாக அமைந்தது. எடுத்தவர் எங்குமே தலைகாட்டாத அந்தப் படங்களை இன்னொருவர் படங்கள் என்று யாரும் நினைக்க முடியாது. அந்தப் பிடிவாதம்தான் அவர்கள் கையெழுத்து.

மேசைக் கூட்டங்கள்

படங்களைத் திரையில் பார்ப்பதை நிறுத்தி, அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு நீண்ட மேசைமேல் பரப்பத் தொடங்கியதே இந்த ஆண்டில் நாம் எடுத்த மிக உருப்படியான முடிவு. திரையில் ஒன்று போனால்தான் அடுத்தது வரும். மேசையில் நகர்த்தலாம், கவிழ்த்துவைக்கலாம், எடுத்தவருக்குத் தெரியாமல் ஒன்றை ஒளித்துவைத்து அவர் தேடுகிறாரா என்றும் பார்க்கலாம். தேடாவிட்டால் அந்தப் படம் தொடருக்குத் தேவையில்லை. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் அமெரிக்கா முழுவதும் சுற்றி எடுத்தவை சுமார் 27,000 படங்கள். அவற்றில் ஆயிரம் போலப் பிரிண்ட் போட்டு, சுவரிலும் தரையிலும் பரப்பி, கழித்துக்கொண்டே வந்தார். 1958இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூலில் நின்றவை 83. இந்தக் கணக்கைச் சொன்ன அன்று கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மேசையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் ‘கட்டுப்போட்டவை’ என்று ஒரு தொடர் கொண்டுவந்தார். வீட்டில் உடைந்தும் அறுந்தும் போய், கட்டியோ ஒட்டியோ இன்னும் புழக்கத்தில் இருக்கும் பொருள்கள். ரப்பர் பேண்டு போட்ட ரிமோட், காம்பில் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி, கம்பி கட்டிய நாற்காலிக் கால், கயிறு சுற்றிய குடைப்பிடி. முதலில் வந்தவை இருபதுக்கும் மேல். அவற்றில் ஒட்டிய பூச்சாடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில், விரிசல் கோடு பொன்னிழையாக மின்ன, அத்தனை அழகாக இருந்தது. பழைய போட்டியாக இருந்தால் முதல் பரிசு அதற்குத்தான். எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். இதை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன என்று எடுத்தவரே கேட்டார்.

எடுத்துவிட்டுப் பார்த்தோம். மிச்சப் படங்களில் இருந்த முடிச்சுகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. நூலானாலும் கம்பியானாலும் கயிறானாலும் இரண்டு சுற்று, ஒரு இறுக்கு, நுனி உள்ளே செருகல். எல்லாம் ஒரே ஆள் கட்டியவை. பூச்சாடியை ஒட்டியவர் வேறு ஆள். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கே இது அதுவரை தோன்றவில்லை. ரப்பர் பேண்டு ரிமோட்டும் வெளியே போனது. கடைசியில் நின்ற ஏழு படங்களிலும் பொருள்கள் பின்னுக்குப் போய், கட்டிய கை முன்னுக்கு வந்துவிட்டது. கை எந்தப் படத்திலும் இல்லை. அது யாருடையது என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள் சிலர். அவர் எழுதவில்லை. அதுவே சரியென்று நினைக்கிறேன்.

எடுக்கும்போது மனத்தில் இருந்ததைத் தேடிப் படங்களைக் கழிப்பதைவிட, எடுத்த படங்கள் எதை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்று பார்த்துக் கழித்தவர்களின் தொடர்களே இந்த ஆண்டு தேறின. முன்கூட்டியே முழுத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தவர்களின் தொடர்கள் ஒழுங்காக இருந்தன; ஒழுங்கு மட்டும் இருந்தது.

தொழில்நுட்பப் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. ஒரே படிக்கட்டைப் பல வேளைகளில் எடுத்த தொடர் ஒன்றில் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டதால் நிறம் படத்துக்குப் படம் தாவியது. ஒரே அமைப்பில் வைத்துத் திருத்தியபின் வேளை மாறுவது தெரிந்தது. முடிந்தவரை ஒரே லென்ஸ் நல்லது. வரிசையைப் பற்றி மட்டும் ஓயாத வாக்குவாதம். மிகச் சிறந்த படத்தை முதலில் வைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பிறகு வருவதெல்லாம் இறங்குமுகமாகிவிடும்.

மாற்றுக் கருத்து

தொடர் என்பது ஒற்றைப் படத்தில் சொல்லத் தெரியாதவர்களின் ஊன்றுகோல் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். ஏழு படங்களில் நான்கு சுமாராக இருந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாகத் தேறிவிடுகின்றன என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு பலமான படங்கள் வரும்போது நடுவே சாதாரணமான ஒன்று மூச்சுவிட இடம் தருவதும் உண்மை; தனியாக நிறுத்தினால் அதற்குப் பத்துக்கு ஐந்து கிடைப்பதே கடினம். எது மூச்சு, எது சோம்பல் என்று பிரிக்க எங்களிடம் சூத்திரம் இல்லை. ஒற்றைப் படப் போட்டியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் நடத்துவதென்று செயற்குழு முடிவுசெய்திருக்கிறது.

கண்காட்சி

ஆண்டுக் கண்காட்சியில் தொடர்கள் மட்டுமே இடம்பெற்றன. படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டினோம். ஒரு தொடருக்குள் நெருக்கமாகவும், தொடருக்கும் தொடருக்கும் இடையில் தாராளமாகவும் இடம்விட்டோம். சுவர் போதாமல் சில தொடர்களை இரண்டு வரிசையாக மாட்ட நேர்ந்தது; அவற்றைப் பார்வையாளர்கள் எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று குழம்பினார்கள். குறிப்புகளைப் பொறுத்தவரை, 50 சொல் கூட அதிகமோ என்று தோன்றுகிறது. நீளமான குறிப்பு இருந்த இடத்தில் முதலில் அதைப் படித்துவிட்டு, படங்களில் அது இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். தலைப்பு மட்டும் இருந்த இடத்தில் நின்றார்கள்.

மருத்துவமனையில் காத்திருக்கும் உறவினர்களைப் பற்றிய தொடர் ஒன்று கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. படத்தில் இருப்பவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. தரத்தில் முன்வரிசையில் இருந்த தொடர் அது; எடுத்தவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அடையாளம் தெரியும்படி முகம் வரும் தொடர்களுக்கு எழுத்துமூல ஒப்புதல் கட்டாயம் என்ற விதியை இன்று முன்மொழிகிறோம்.

வரும் ஆண்டு

தொடர்கள் தொடர வேண்டும் என்பதே செயற்குழுவின் பரிந்துரை. கூடுதலாக, நீண்டகாலத் தொடருக்கு ஒரு தனிப்பிரிவு தொடங்க விரும்புகிறோம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுதோறும் எடுத்தார். தொடருக்கு ஆண்டுக்கு ஒரே படம், இடமிருந்து வலமாக நால்வரும் என்றும் ஒரே வரிசை. அந்த அளவுக்குப் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. மாதம் ஒரு படம், அதே இடம் அல்லது அதே ஆள், ஆண்டு முடிவில் அவற்றிலிருந்து ஒன்பது என்று தொடங்கலாம். பெயர் கொடுப்பவர்கள் அடுத்த மேசைக் கூட்டத்துக்கு முதல் பிரிண்டோடு வர வேண்டும். யோசனையோடு மட்டும் வருபவர்களைப் பட்டியலில் சேர்க்க இயலாது.

கண்காட்சிக்குச் சுவர், ஏணி, உழைப்பு தந்த அனைவருக்கும், கூட்டங்களில் கடுமையாகப் பேசிவிட்டு மேசையை ஒழுங்குசெய்யவும் கைகொடுத்தவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையையும், ஒப்புதல் பற்றிய விதியையும், நீண்டகாலத் தொடர் பற்றிய பரிந்துரையையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்