மாட்டுக்காரர் பொறுப்பில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு-கல்முனை வீதியில் இரவானால் கட்டாக்காலி மாடுகள்தான். அண்மையில் களுவாஞ்சிகுடிப் பக்கம் படுத்துக் கிடந்த மாட்டை விலத்தப்போன ஓட்டோ, எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் முட்டிவிட்டது. பொடியனுக்குக் கால் முறிந்தது, பாவம். ஆனால் அவனுடைய வண்டியில் முன்விளக்கு எரியவில்லை. மாட்டுக்காரரோ விடியுமுன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்; அதன் காதில் இலக்கத் தகடு தொங்கியதை நானே கண்டேன், அதை வைத்து உரிமையாளரைத் தேடலாம். இப்போது முழு நட்டஈட்டையும் ஓட்டோக்காரரிடம்தான் கேட்கிறார்கள்.

பெரிய வாகனம்தான் பிழை என்பது ஊர்ப்பேச்சு, சட்டமல்ல. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அவரவர் கவனயீனத்துக்கு ஏற்ப நீதிமன்றம் நட்டஈட்டைப் பிரிக்கலாம். அதற்கு விபத்து அறிக்கையில் அந்த மாடும் எரியாத விளக்கும் பதிவாக வேண்டும். பொலிஸார் அதைச் செய்யட்டும்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி