கரும்பலகை முன் நிற்பது வெறும் மேடைப் பயிற்சியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணிதப் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நடுவில் ஒரு வரி: பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினாலே, எல்லா ஆண்டுப் பாடங்களையும் கலந்து கேட்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வைத் தாண்டிவிடலாமாம், பலகை முன் நின்று கணக்கை விளக்குவது வெறும் மேடைப் பயிற்சியாம். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் 26 ஆண்டுகள் நின்றவள் நான். மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

படித்த பாடம் மறந்துபோவதால் மட்டும் பிள்ளைகள் இந்தத் தேர்வில் தடுமாறுவதில்லை. செமஸ்டர் தேர்வில் கேள்வி எந்தத் தாளில் வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஏழாம் பாடத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு ஏழாம் பாடத்தின் தேற்றத்தால்தான் தீரும் என்று மாணவிக்குத் தெரியும். முதலாண்டு நுண்கணிதத்திலிருந்து கடைசி ஆண்டு இயற்கணிதம் வரை கலந்து கேட்கும்போது அந்தத் துப்பு போய்விடுகிறது. இது எந்தப் பாடத்துக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே முதல் வேலையாகிறது. பழைய கேள்வித்தாளும் விடையும் அருகருகே இருந்தால் அந்த வேலையை ஒரு நாளும் பழக முடியாது.

நானே அனுபவித்தது இது. என் வாய்மொழித் தேர்வில் ஒரு தேற்றத்தைக் கேட்டார்கள். மூடிய, எல்லைக்குட்பட்ட இடைவெளியில் தொடர்ச்சியாக உள்ள சார்பு அங்கே சீரான தொடர்ச்சியும் (இடைவெளி முழுவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தும் தொடர்ச்சி) உடையது என்பது. நிரூபணத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். தேர்வாளர் கேட்டார்: "இடைவெளி மூடியதாக இருக்க வேண்டும் என்பதை எந்த வரியில் பயன்படுத்தினாய்?" வாயடைத்து நின்றேன். அவரே எழுந்து வந்து 1/x என்று எழுதி, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அதை வரைந்தார். கோடு பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறியது. பூஜ்யம் அந்த இடைவெளியில் இல்லை, அதனால்தான் தேற்றம் அங்கே நிற்கவில்லை. கேள்வித்தாள் தொகுப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்தப் படத்தை அதுவரை ஒருமுறைகூட நான் வரைந்து பார்த்ததில்லை.

ஆசிரியை ஆனதும் அந்த நாளை மறக்கவில்லை. கடைசி ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். எல்லாப் பாடத்துக் கணக்குகளையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். சீட்டை எடுத்தவர் பத்து நிமிடம் யோசித்துவிட்டு நோட்டு இல்லாமல் பலகைக்கு வர வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். இதோடு, ஒவ்வொரு தேற்றத்துக்கும் அது பொருந்தும் ஒரு உதாரணமும், நிபந்தனையில் ஒன்றை எடுத்துவிட்டால் உடைந்துபோகும் ஒரு உதாரணமும் அவரவர் கைப்பட எழுதி வைக்க வேண்டும்.

ஒரு நாள், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணுக்குச் சீட்டு விழுந்தது. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள், அதாவது இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைப்பவை, 12. எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் இவற்றில் ஒன்றே கிடைக்கும், அதனால் இவை சேர்ந்து ஒரு குலம். ஆறு, பன்னிரண்டை வகுக்கும் எண்தானே. அப்படியானால் இந்தக் குலத்தில் ஆறு உறுப்புள்ள உட்குலம், அதாவது தானும் ஒரு குலமாக நிற்கும் பகுதி, உண்டா? உட்குலத்தின் உறுப்பெண்ணிக்கை குலத்தின் உறுப்பெண்ணிக்கையை வகுக்கும் என்ற லெக்ராஞ்சியின் தேற்றத்தை எழுதினாள். "அதனால் உண்டு" என்று எழுதப் போனவள் கையை நிறுத்தினாள். பின்வரிசையிலிருந்து "ஏன்?" என்றது ஒரு குரல். வகுக்கும் எண்ணுக்கெல்லாம் உட்குலம் உண்டு என்ற மறுதலையை அந்தத் தேற்றம் சொல்லவில்லையே என்று மெல்லச் சொல்லி, எழுதியதை அழித்தாள். அப்படி ஓர் உட்குலம் இருந்தால் அது சரிபாதி. அப்போது எந்த உறுப்பின் வர்க்கமும், அதாவது அதையே இருமுறை செய்தால் கிடைப்பதும், அதற்குள்தான் விழ வேண்டும். மூன்று பொருள்களைச் சுழற்றும் உறுப்புகள் எட்டு, ஒவ்வொன்றும் இன்னொன்றின் வர்க்கம். "ஆறு பேருக்கான இடத்தில் எட்டு பேர் எப்படி மேடம்?" என்று திரும்பினாள். சாக்பீஸ் தூள் நெற்றி வரை ஏறியிருந்தது. மேடைப் பயிற்சி என்று நீங்கள் அச்சிட்டது இதைத்தான், ஐயா.

அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் இல்லாத வகுப்பு எதற்கு என்றார்கள். பிறகு பலகையை மறைத்துத் திரை தொங்கவிட்டார்கள். இப்போது மாணவர்கள் ஸ்லைடில் நிரூபணத்தை முழுதாக அச்சடித்துக் கொண்டுவந்து வாசிக்கிறார்கள். தடுமாறுவதற்கு அதில் இடமே இல்லை. தவறைப் பிடிக்கவும் இடமில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் எண்ணைக்கூட மாற்றாமல் அதே பத்துக் கேள்விகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். இதையெல்லாம் முன்பே தங்களுக்கு எழுதியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது. இடப் பற்றாக்குறை என்று புரிந்துகொண்டேன். ஆனால் கேள்வி வங்கி விளம்பரத்துக்கு அதே இதழில் ஒரு முழுப் பக்கம் இருந்தது.

பலகை முறை புதிய மோகமும் இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆர்.எல். மூர் பல பத்தாண்டுகள் பாடநூலே இல்லாமல், மாணவர்களே நிரூபித்துப் பலகையில் காட்டும்படி நடத்தியது தாங்கள் அறிந்ததுதான். கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தவர் அவர். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அந்த மனிதரைக் கொண்டாட நான் எழுதவில்லை. அந்த முறையில் பலர் கணித ஆய்வாளர்களாக வளர்ந்தார்கள் என்பதும் உண்மை.

பிள்ளைகள் எல்லார் முன்னிலும் தவறு செய்தால் மனம் உடைந்துபோவார்கள் என்றும் கட்டுரையில் இருக்கிறது. தொடர்ச்சியான சார்புகளின் முடிவிலாத் தொடர் ஒருங்கினால் (கூட்டக் கூட்ட ஒரு மதிப்பை நெருங்கினால்) அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1821-இல் அச்சிலேயே எழுதினார். 1826-இல் நார்வே நாட்டு இளைஞர் ஆபெல், சைன் சார்புகளால் ஆன ஒரு தொடரைக் காட்டி, கோஷி சொன்னது எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை என்றார். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சீராக நெருங்கும் 'சீரான ஒருங்கல்' என்ற கருத்து பின்னாளில் தெளிவடைய அதுவும் ஒரு காரணம். கோஷிக்கே நேர்ந்த தவறு, 20 வயதுப் பெண்ணுக்கு வகுப்பறையில் நேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? உடைந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர்களையே மறுபடி அழைத்து, எங்கே சறுக்கியது என்று அவர்களையே சொல்ல வைத்திருக்கிறேன். அதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் பறித்துவிட்டார்கள்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு கணக்கு போடுகிறீர்கள், அதன் விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுகிறீர்கள். விடையை அடுத்த இதழுக்குத் தள்ளி வையுங்கள். கணக்கு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்ற தலைப்பையும் எடுத்துவிடுங்கள். முதல் மாதத்துக்கு அந்த ஆறு உறுப்பு உட்குலக் கேள்வியையே போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை ஒருவர்