ஸ்காபரோவின் சீனப் பலசரக்குக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோவில் சீனப் பலசரக்குக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், மீன் மேசையிலும் மரக்கறிப் பகுதியிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பகுதியில், டிராகன் சென்ரர் என்ற சீன வணிக வளாகம் திறந்தது 1984 இல். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் கனடாவுக்கு வரத் தொடங்கியதும் அதே காலம்தான். அன்றிலிருந்து உங்கள் கடைகளும் எங்கள் குசினிகளும் அயலவர்கள். கங்குங் கீரை, பயத்தங்காய், நீற்றுப்பூசணி, உயிர் நண்டு, கணவாய் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்க உங்களிடம்தான் வருகிறோம். இன்னும் நிறைய வாங்குவோம். அதற்குத் தடையாக நிற்பவை சின்ன விஷயங்கள், பெரும்பாலும் ஓர் அட்டையாலும் ஒரு பேனையாலும் தீரக்கூடியவை.

முதலில் திகதி. சீனாவிலிருந்து வரும் சோயா சோஸ், நூடில்ஸ், ஊறுகாய் போன்ற பலவற்றில் அச்சிட்டிருப்பது உற்பத்தித் திகதி. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது வேறோர் இடத்தில், மாதக் கணக்கில், சீன எழுத்தில் இருக்கும். போத்தலின் கழுத்தில் 20250310 என்றும் லேபலில் 18 மாதம் என்றும் இருந்தால், அது 2026 செப்டெம்பர் வரை நல்லது. கனடாப் பொருட்களில் பழகிய கண்ணுக்கோ அது 2025 மார்ச்சில் முடிந்துபோன சாமான். போத்தல் தட்டுக்குத் திரும்பிவிடும். தைவான் பொருட்களில் முடிவுத் திகதி இருக்கும். அதை உற்பத்தித் திகதியென்று எண்ணினால் பழைய பொதி வீட்டுக்குப் போகும். 90 நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும் உணவுக்கு முடிவுத் திகதி போடும்படி கனடாச் சட்டம் கேட்பதில்லை; ஆகவே மேலே ஒட்டும் ஆங்கில–பிரெஞ்சு லேபலிலும் விடை கிடைக்காது. சீனாவின் புதிய லேபல் விதி 2027 மார்ச் 16 இல் நடைமுறைக்கு வரும்போது அங்கே விற்கும் பொதிகளில் முடிவுத் திகதி கட்டாயமாகிறது. அதுவரையும், பழைய இருப்பு தீரும்வரையும், விலைச்சிட்டைக்குப் பக்கத்தில் ஒரே வரி போதும்: “இது உற்பத்தித் திகதி, இதிலிருந்து 18 மாதம்.” ஒட்டும் லேபலைத் திகதியின் மேலேயே ஒட்டாமல் இருப்பதும் பெரிய உதவி.

அடுத்தது சைவச் சாப்பாடு. நாங்கள் மிகவும் அக்கறையோடு கேட்பது இதைத்தான். உங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உங்களில் பலர் மரக்கறி உண்ணும் நாட்கள். எங்கள் அமாவாசையும் பௌர்ணமியும் அவற்றை ஒட்டியே வருகின்றன. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் வேறு. ஒரே குளிர்பெட்டியின் முன்னால் இரண்டு சமூகமும் நிற்கிறது, ஆனால் பொதியில் எழுதியிருப்பதை ஒரு பக்கத்தாரால் மட்டுமே வாசிக்க முடிகிறது. தைவானில் 2009 முதல் சைவப் பொதிகளை ஐந்து வகையாகப் பிரித்து எழுதுகிறார்கள்: முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, முட்டையும் பாலும் சேர்ந்தது, வெங்காயம் உள்ளி வகைகள் சேர்ந்த தாவர உணவு. எங்களுக்கு வேண்டியது இந்தப் பிரிப்புத்தான். பால் சேர்ந்தால் பலருக்குத் தடையில்லை, முட்டை சேர்ந்தால் விரதம் முறிந்தது. சோயா இறைச்சித் துண்டுகளை இறுகப் பிடிக்க வைப்பதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கம். தொட்டுப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து வகைக்கும் ஐந்து நிறப் புள்ளி, பெட்டிக் கதவில் ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்கம், இவ்வளவுதான் கேட்கிறோம். சிப்பியில் செய்யும் ஒய்ஸ்டர் சோஸையும் அதன் சைவ வடிவமான காளான் சோஸையும் ஒரே தட்டில் கலந்து அடுக்க வேண்டாம். போத்தல்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கின்றன.

கடையிலேயே பிரித்துக் கட்டும் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த லில்லிப் பூ, காளான், பழவற்றல் ஆகியவற்றின் நிறம் மங்காமல் இருக்கக் கந்தகப் புகை காட்டுவதுண்டு. அதனால் உணவில் தங்கும் சல்பைட் என்ற பொருள் மில்லியனுக்கு 10 பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் கனடாவில் அதைத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்மா உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. பெரிய மூட்டையில் இருந்த லேபலின் விவரம் சின்னப் பைக்கும் வர வேண்டும்.

மீன் மேசை. பல கடைகளில் வெட்டும் முறைகளை இலக்கமிட்டு எழுதியிருக்கிறீர்கள். அது அருமையான ஏற்பாடு, பேச மொழி தேவையில்லை. அதில் ஓர் இலக்கம் கூட்டுங்கள்: கறித்துண்டு. செதிலும் குடலும் நீக்கி, செவுளைப் பிடுங்கி, தலையை இரண்டாகப் பிளந்து, உடலை முள்ளோடு குறுக்காக ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டினால் சரி. அதைவிட மெல்லிதானால் புளிக்குழம்பில் கரைந்துபோகும். தலையையும் சினையையும் வீசிவிட வேண்டாம்; மீனை வெட்டுவதற்கு முன்னரே நிறுத்து விலை போடுகிறீர்கள், அந்த நிறையில் தலைக்கும் காசு கொடுத்திருக்கிறோம், குழம்பின் சுவையும் அதில்தான் இருக்கிறது. குடலை இழுக்கும்போது பித்தப்பை உடைந்தால் உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கத் தசை முழுக்கக் கைக்கும். பொரித்துத் தரும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரிப்பதானால் அதை எழுதிப் போடுங்கள். இறால் ஒவ்வாதவர் மீனை மட்டும் கேட்டு வாங்கி ஆபத்தில் விழக்கூடாது.

மரக்கறிப் பகுதியில் உள்ள குறை, அளவுக்கு மிஞ்சிய குளிர். வெண்டிக்காய், பாகற்காய், கங்குங், பயத்தங்காய் எல்லாம் வெப்பநாட்டுப் பயிர்கள். பாலுக்கும் இறைச்சிக்கும் 4 பாகை செல்சியஸ் சரி. பாகற்காய்க்கு 10 முதல் 12 பாகை வேண்டும், வெண்டிக்கு 7 முதல் 10. அதற்குக் கீழே சில நாள் கிடந்தால் தோலில் குழி விழும், பழுப்புப் புள்ளி வரும், வெளியே எடுத்ததும் கொழகொழக்கும். புரோக்கொலிக்குப் பக்கத்தில், காற்று நேராக அடிக்கும் தட்டில் அவற்றை வைக்காமல், வெளிப்பக்கத் தட்டில் வையுங்கள். பாகற்காயை மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் அருகில் குவித்தால் இரண்டே நாளில் மஞ்சளாகிப் பிளக்கும். அந்தப் பழங்கள் விடும் வாயுதான் காரணம். கங்குங்கைத் தண்ணீர் சொட்டச் சொட்ட இறுக்கிய பொலித்தீன் பையில் கட்டினால் இலை அழுகும். துளையிட்ட பை போதும்.

பெயர்ப்பலகையில் கன்டனீஸ் என்ற சீன மொழியின் உச்சரிப்பு மட்டுமே இருப்பதால் எங்கள் முதியவர்கள் திகைக்கிறார்கள். இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்: ஓங் சோய் என்பது கங்குங். யின் சோய், முளைக்கீரை. சான் சோய், பசளி. சிங் குவா, பீர்க்கங்காய். ஃபூ குவா, பாகற்காய். டுங் குவா, நீற்றுப்பூசணி. டவ் கோக், பயத்தங்காய். பாகற்காயில் மட்டும் ஒரு குறிப்புச் சேருங்கள்: வெளிறிய, வழவழப்பான நீளக்காய் சீன இனம், கைப்புக் குறைவு; கரும்பச்சையாக முள்முள்ளாக இருப்பது எங்கள் ஊர்க் கறிக்கும் வறுவலுக்கும் ஏற்றது. இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டினால் வாங்குபவர் கிண்டிக் கிண்டி நல்ல காயும் கீறுப்படும்.

விலையை இறாத்தலில் பெரிதாக எழுதி, தராசு கிலோவில் காட்டும்போது வயதானவர்கள் கணக்கில் தடுமாறுகிறார்கள். கிலோ விலையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. சைவக் குளிர்பெட்டியின் நிறப் புள்ளிகளை முதலில் ஒட்டுங்கள். அடுத்த அமாவாசைக்கு முன்னால் முடிந்தால் மெத்தப் பெரிய உதவி.

அன்புடன்,
கிழமைதோறும் உங்கள் கடைகளில் சாமான் வாங்கும் தமிழ் வாடிக்கையாளர்கள்