சனிக்கிழமை இரவு எங்களோடு இருந்தவர்களுக்கு

பாய்மரத் தோணியில் போய் எதிர்காற்றிலும் கடல் கொந்தளிப்பிலும் மாட்டிக்கொண்ட எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் 14 பேரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். அன்று கடலில் என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்குக் கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. இருந்தாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

சுக்கானை விட்டு நகராத தோணித் தலைவர் தண்டல் ஐயா, நேரம் பார்த்துப் பாயைச் சுருக்கிய மாலுமி அண்ணன்கள், தகவல் கிடைத்ததும் படகை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், விடியும்வரை கரையில் விளக்கோடு நின்றவர்கள், உங்கள் அத்தனை பேருக்கும் மன்றத்தின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மாலுமிகளில் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர்.

எங்களில் சின்னவனுக்கு 15 வயது. தோணியின் முன்முனையான அணியத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து ஏறியவன். கடல் புரளத் தொடங்கியதும் முதலில் வாந்தி எடுத்தவனும் அவன்தான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கரைக்கு 3 கடல் மைல்தான் என்றார்கள். ஆனால் எதிர்காற்றில் பாய்மரத் தோணி நேராகப் போகாதே! வலமும் இடமுமாக வளைந்து வளைந்து போனதில் அந்தத் தூரம் தீர்வதாகவே இல்லை. பொறுப்பாளராகப் போன நானும் தலை தூக்க முடியாமல் கிடந்தேன்.

பெரியவர் வாளியில் கடல்நீர் மொண்டு பலகையைக் கழுவினார். முகம் சுளிக்கவில்லை. பையனைத் தூக்கி நடுத்தோணியில், பாய்மரத்தடியில் உட்காரவைத்தார். அங்கேதான் ஆட்டம் குறைவாம். தன் தோள்துண்டைக் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவன் பிடரியில் போட்டார். "கீழே பார்க்காதே தம்பி. அதோ கரை விளக்கு தெரியுது, அதையே பாரு. முதல் பயணத்துல நானும் 3 நாள் இப்படித்தான் கிடந்தேன்" என்றார்.

அப்புறம் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்து, "நான் சொல்றப்போ இழு" என்றார். அவன் இழுத்து அந்தப் பாய் அசைந்திருக்காது. பின்னால் பெரியவரின் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. ஆனால் அவர் சொல்லும்போதெல்லாம் அவன் இழுத்தான். குனிந்த தலை நிமிர்ந்தது.

கரையேறிய பிறகும் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் நான் எழுதுகிறேன்.

முடிச்சுப் போடவும் பாய் சுருக்கவும் கரையிலேயே பழகாமல் இனி எங்கள் பிள்ளைகள் ஒருவரும் தோணி ஏறமாட்டார்கள். ஏறும் முன் காற்று நிலவரம் கேட்பது என் பொறுப்பு.

ஐயா, அந்த அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. துண்டு பையன் கழுத்திலேயே வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறான். வரும் ஞாயிறு காலை எல்லோருமாகக் கொண்டுவந்து தருகிறோம்.