‘வீடியோ ஓடலை’ என்றதும் கேள்வி கேட்டவர்களுக்கு

அன்புள்ள கோயம்புத்தூர் அக்காவுக்கு, பஸ் ஸ்டாண்டு செல்போன் கடை அண்ணனுக்கு, மேலத்தெரு பிளஸ் டூ தம்பிக்கு, முகம் தெரியாத இன்னும் பல பேருக்கு,

வணக்கம். பேராவூரணிப் பக்கம் இருக்கிற எங்கள் மாலைப் படிப்பகத்தில் இப்போது வீடியோ ஓடுகிறது. ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் முரண்டு பிடிக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். பெயர் போடக் கூடாது என்று மூன்று பேரும் கறாராகச் சொல்லிவிட்டீர்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் விலாவாரியாகவே எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காக முன்கதை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதை ஒட்டி திருச்சியில் ஓர் அலுவலகம் தன் பழைய டெஸ்க்டாப்புகளைக் கழித்துக் கட்டியபோது சில பெட்டிகள் எங்களுக்கு வந்தன. பெரும்பாலும் இன்டெல் நான்காம் தலைமுறை, அதாவது 2013 வாக்கில் வெளிவந்த சிப். விண்டோஸ் 11 ஏற்கும் சிப்புகளின் பட்டியலில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம், அதில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். டைப்பிங் பழக, விண்ணப்பம் போட, பிடிஎஃப் படிக்க ஒரு குறையும் இல்லை. ஆனால் குரூப் 4 எழுதுகிற பிள்ளைகளும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சாயங்காலம் வந்து உட்காருவது வீடியோ பாடத்துக்குத்தான். “அக்கா, வீடியோ ஓடலை” என்கிற குரல் கேட்காத நாளே கிடையாது என்று ஆகிப்போனது.

அந்த நாட்களில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. புது மிஷின் வாங்கு, விண்டோஸையே திரும்பப் போடு, வேறு பிரவுசர் போடு, நெட்டை மாற்று. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எந்த வீடியோ, எந்த மிஷின், திரையில் என்ன வருகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

அக்கா, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்ப் பெண், கோவையில் ஐடி வேலை, நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிடுகிற நேரத்தில் என் போனை எடுத்தீர்கள். நான் மூச்சு விடாமல் புலம்பி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? “எல்லாம் சரிம்மா. யூடியூப் ஓடுதா, அதுவும் ஓடலையா?”

யூடியூப் திக்கித் திணறி ஓடியது. பாட வீடியோ வைத்திருக்கும் இன்னொரு தளம் மட்டும் அடியோடு ஓடவில்லை. கறுப்புப் பெட்டிக்குள், ஆதரிக்கப்படும் வடிவத்தில் வீடியோ எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னீர்கள். படித்து முடிக்கும் முன்பே “அப்ப இது ரெண்டு வேற வேற வியாதி. ஒண்ணா சேர்த்துப் பாக்காத” என்றீர்கள். அந்த நிமிஷம் வரை எனக்கு எல்லாமே ஒரே ‘ஓடலை’தான்.

முதல் வியாதியின், அதாவது அந்த இன்னொரு தளம் அடியோடு ஓடாததன், காரணத்தை நீங்கள் சொன்னபடியே இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். வீடியோ என்பது சுருக்கிக் கட்டப்பட்ட மூட்டை. அதைப் பிரிக்க ஒரு நிரல் வேண்டும். மூட்டை கட்டும் விதத்துக்குக் கோடெக் என்று பெயர். யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 என்ற வடிவம். இவை இரண்டையும் பிரிக்கிற நிரல் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே வருகிறது. பல தளங்கள் வைத்திருக்கும் எம்பி4 கோப்புகளில் இருப்பதோ ஹெச்.264. காப்புரிமைச் சிக்கல் உள்ள வடிவம் அது. லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தானாகப் பிரிப்பதில்லை, கணினியில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் லிப்ஏவிகோடெக் நூலகத்தைக் கூப்பிடும். அது இல்லையென்றால் கையை விரித்துவிடும். டெபியனில் ஃபயர்ஃபாக்ஸோடு ‘பரிந்துரை’ என்ற பெயரில் அந்த நூலகமும் சேர்ந்தே வர வேண்டியது. எங்கள் பெட்டிகளை நிறுவியவர் சின்ன டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்கப் பரிந்துரைகளை எல்லாம் வேண்டாம் என்று விட்டிருக்கிறார். டெர்மினலில் ஒரே ஒரு வரியை நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பிரவுசரை மூடித் திறந்ததும், பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளிவிலகல் பாடம் கணீரென்று தொடங்கியது. பின்பெஞ்சிலிருந்து விசில் வந்தது. விசிலடித்தவன் அந்தப் பாடத்தை முழுசாகப் பார்த்தானா என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வியாதி அவ்வளவு லேசில் போகவில்லை. யூடியூப் ஓடும், நிற்கும், வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாகப் போகும். எல்லாரும் நெட்டைத்தான் குறை சொன்னோம். நீங்கள் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறக்கச் சொன்னீர்கள். யூடியூபில் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் பஃபர், அதாவது முன்கூட்டியே வந்து சேர்ந்த வீடியோ, தாராளமாக இருந்தது. நெட் மேல் குற்றமில்லை. கைவிடப்பட்ட ஃப்ரேம்களின், அதாவது காட்ட முடியாமல் தவறவிட்ட படங்களின், எண்ணிக்கை மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டே போனது. கோடெக் வரியில் விபி09, அதாவது விபி9, என்று இருந்தது. சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்தால் நாலு பட்டைகளும் விளிம்பு வரை நிரம்பி நின்றன.

நான்காம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஹெச்.264-ஐத் தானே பிரிக்கத் தெரியும், விபி9-ஐப் பிரிக்கத் தெரியாது. அதை முழுமையாகச் செய்யும் திறன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1-க்கோ பதினோராம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் பெட்டிகளில் விபி9-இன் முழுச் சுமையும் சிபியு தலையில் விழுந்தது. 1080 தரத்தில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் பாவம் அது என்ன செய்யும்? நீங்கள் சொன்ன வழி எனக்கு அப்போது விசித்திரமாகப் பட்டது. முதல் வியாதியில் தகராறு செய்த அதே ஹெச்.264-ஐ இப்போது நாமே கேட்டு வாங்க வேண்டும்! ஹெச்264ஐஃபை என்ற சின்ன பிரவுசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் அந்த வடிவத்திலேயே அனுப்புகிறது. அதில் 1080-க்கு மேல் கிடைக்காது. எங்கள் மானிட்டர்களுக்கு 720-ஏ அதிகம்.

கிராஃபிக்ஸ் சிப்பிடம் அந்த வேலையைக் கொடுக்க டிரைவர் என்கிற இணைப்பு மென்பொருள் வேண்டும். இணையத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஐந்தாம் தலைமுறை முதலான சிப்புகளுக்குரிய புது டிரைவரைப் பற்றி. நான்காம் தலைமுறைக்கு வேண்டியது ஐ965 என்கிற பழையது. அந்தச் சிப்பால் எந்த வடிவங்களைப் பிரிக்க முடியும் என்று காட்டும் விஏஇன்ஃபோ கட்டளையை ஓடவிட்டு, பட்டியலில் ஹெச்.264 பெயர் வருகிறதா என்று பார்த்தபிறகே மேலே போக விட்டீர்கள். அதன் பிறகும் ஃபயர்ஃபாக்ஸ் தயங்கிய மிஷின்களில், அதன் உள்ளமைப்புப் பக்கத்தில் வன்பொருள் வழியை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பையே பிரிக்க வைப்பதை, வற்புறுத்தும் ஓர் அமைப்பை ‘உண்மை’ என்று மாற்றினோம். எச்டாப்பின் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியதைப் பார்த்து நான் போனிலேயே கத்திவிட்டேன். உங்கள் வீட்டில் குழந்தை எழுந்துகொண்டதற்கு மன்னிக்கவும்.

முகம் தெரியாதவர்களுக்கு நன்றியை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2000-இல் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கிய ஃபிரெஞ்சுக்காரர் ஃபாப்ரிஸ் பெல்லார்டுக்கும், அவருக்குப் பிறகு அதைத் தூக்கிச் சுமக்கும் கூட்டத்துக்கும். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் ஃபயர்ஃபாக்ஸைக் கவனித்துக்கொண்டு, 2020 வாக்கில் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸுக்குள் இந்த வன்பொருள் வழியைக் கொண்டுவந்த மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்கிக்கு. அது இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இயல்பாகவே திறந்தது 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில்தான். அதற்கு முன்னால் இந்தப் பெட்டிகள் எங்களுக்கு வந்திருந்தால் அக்காவின் தூக்கம் இன்னும் கெட்டிருக்கும். ஏவி1-ஐ சிபியுவிலேயே வேகமாகப் பிரிக்கும் டாவ்1டியை 2018-இல் வெளியிட்ட, விஎல்சி பிளேயர் தயாரிக்கும் வீடியோலேன்காரர்களுக்கும். பழைய டிரைவரைத் தூக்கி எறியாமல் இன்னும் மென்பொருள் களஞ்சியத்தில் வைத்திருக்கும் டெபியன் பராமரிப்பாளர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. 2013-இன் சிப்புக்காக இன்று ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குப் பாராட்டு விழா எதுவும் நடப்பதில்லை.

அண்ணே, அடுத்தது நீங்கள். அக்கா சொன்னதை எல்லாம் செய்தும் இரண்டு மிஷின்கள் ஆரம்பத்தில் அழகாக ஓடி, கொஞ்ச நேரத்தில் பழையபடி திக்கின. “நான் செல்போன்காரன், எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிக்கொண்டே வந்து பெட்டியின் பக்கத்தில் கையை வைத்தீர்கள். “கொதிக்குதே பாப்பா. கவர கழட்டு.” உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, சிபியு மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது வீடியோ திக்கத்தான் செய்யும். புளோயர் அடித்து, கடையிலிருந்து தெர்மல் பேஸ்ட் கொண்டுவந்து தடவி, கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்த அவசரத்தில் டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள். காசு என்று வாயெடுத்தபோது முறைத்த முறைப்பை மறக்கவில்லை.

தம்பி, உன்னைத் தனியாகத் திட்ட வேண்டும் என்று இருந்தேன், இயற்பியல் நோட்டை மூடிவைத்துவிட்டு எங்கள் மிஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்ததற்கு. ஆனால் ஜன்னலோரப் பெட்டியின் புதிரை நீதான் அவிழ்த்தாய். அதில் வீடியோ முதல் காட்சியிலேயே உறைந்து நிற்கும். கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கச் சொல்லி யூடியூபே எழுதும். தொடங்கினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. அக்காவே குழம்பிய இடம் அது. நீ கேட்டது ஒரே கேள்வி: “அக்கா, ஹெட்செட்டப் புடுங்கிட்டுப் பாத்தீங்களா?”

பிடுங்கினால் ஓடியது! பிரவுசர் படத்தின் வேகத்தை ஒலியின் கடிகாரத்தை வைத்தே கணக்கிடுகிறதாம். தவில் நின்றால் நாதஸ்வரமும் நிற்கிற மாதிரி, ஒலி போகும் வாசல் அடைத்துக்கொண்டால் படமும் காத்து நிற்கும். முன்பக்க யுஎஸ்பி துளை ஆடிப்போயிருந்தது. ஹெட்செட் இருக்கிறதா இல்லையா என்று சிஸ்டம் தடுமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்பக்கத் துளைக்கு மாற்றி, ஆடின துளையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டாய். கிராஃபிக்ஸ், டிரைவர், கோடெக் என்று பெரியவர்கள் நாங்கள் படத்தையே தோண்டிக்கொண்டிருந்தபோது ஒலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது நீ ஒருவன்தான். பப்ளிக் எக்ஸாம் முடிகிற வரை ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது, உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக அந்த முரண்டு பிடித்த பெட்டி. கோர் 2 டுயோ, எல்லாவற்றிலும் மூத்தது. மற்ற மிஷின்களுக்கு வன்பொருள் வழியைத் திறந்ததும் தீர்ந்தது என்றால், இதில் அதுவே வினை: பச்சைக் கோடுகள், பாதித் திரை கறுப்பு. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை அணைத்ததும் கோடுகள் போயின, ஆனால் 360-க்கு மேல் தாங்கவில்லை. “வயசானவங்கள ஓடச் சொல்லக் கூடாதும்மா” என்று அக்கா சொன்னபடி அதைத் தமிழ்99 விசைப்பலகை பழகும் மிஷினாக மாற்றிவிட்டோம். அதற்கு ஏகப்பட்ட கிராக்கி.

எந்த மிஷினில் என்ன டிரைவர், எந்த நீட்சி, எந்தத் துளை பழுது என்று ஒவ்வொரு சிபியு பெட்டியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அக்கா கேட்ட கேள்விகளைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன்: எந்தத் தளம், எந்த மிஷின், திரையில் என்ன எழுதியிருக்கிறது, மற்ற வீடியோ ஓடுகிறதா. பிள்ளைகள் இப்போது “ஓடலை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, “ஏவிசி1-தான் வருது அக்கா, ஃப்ரேம் விழல, ஆனா சத்தம் இல்ல” என்று வருகிறார்கள். (ஏவிசி1 என்பது அந்த ஹெச்.264-தான்.) ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று இப்படிச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அண்ணே, நீங்கள் இரவல் கொடுத்த ஹெட்செட்டுகளைத் துடைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன், கடைப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். அக்கா, பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் படிப்பகத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், பிள்ளைகள் உங்கள் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். வரும்போது முடிந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பிரிண்டர் ஒன்றும் தானமாக வந்திருக்கிறது. என்ன மாடல், திரையில் என்ன எழுதுகிறது என்றெல்லாம் இந்த முறை முன்கூட்டியே குறித்துவைத்துவிட்டேன்.

நன்றியுடன்,
மாலைப் படிப்பகப் பொறுப்பாளர்