ஏலத்துக்கு முன் ஒன்றை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தெருவிளக்குச் சாமான்களை எடைக்கு ஏலம் விடுவதாகச் சென்ற வாரம் பேப்பரில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் பிட்டிங், கரண்டைக் கட்டுப்படுத்தும் சோக், டியூப் லைட் பெட்டி எல்லாம் ஒரே குவியல். காலையில் குடித்த காபி இறங்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஏணியும் டெஸ்டருமாகத் தெருவிளக்கு பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் பழைய விளக்குகளைச் சேர்த்து வருகிறேன். வீட்டில் அதற்குக் குப்பை என்று பெயர்.

மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் 2015-ல் தொடங்கிய பிறகு எல்.இ.டி. மளமளவென்று வந்துவிட்டது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. 250 வாட் சோடியம் எரிந்த கம்பத்தில் இன்று அதில் பாதிக்கும் குறைவான வாட்டில் வெளிச்சம் கிடைக்கிறது. சரி, கழற்றியது எங்கே போகிறது? பழைய இரும்புக் கடைக்கு. செங்கல் கனம் இருக்கும் சோக்கை அங்கே சுத்தியலால் பிளந்து செம்பை ஒரு பக்கமும் இரும்புத் தகட்டை ஒரு பக்கமும் போடுகிறார்கள். அலுமினிய மூடிக்குத் தனி விலை. பீங்கான் ஹோல்டர் குப்பைக்குப் போகிறது.

அப்படி ஒரு கடையில் கிடைத்ததுதான் என்னிடம் இருக்கும் எனாமல் தொப்பி. டியூப் லைட் வருவதற்கு முன் குண்டு பல்புக்கு மேல் கவிழ்த்திருப்பார்களே, அது. வெளியே கரும்பச்சை, உள்ளே வெள்ளை. கடைக்காரர் தராசில் வைத்து இரும்பு விலைக்கே கொடுத்தார். புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்த பிறகுதான் வெள்ளை தெரிந்தது. விளிம்பில் மூன்று இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கிறது. கல்லெறிந்த பையன்களின் வேலை. (எங்கள் தெரு விளக்கில் இதே வேலையை நானும் பார்த்திருக்கிறேன்.)

சோடியம் விளக்கு ஒன்றைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் மங்கலாகத்தான் எரியும், நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் முழு மஞ்சள் வரும். நடுவில் கரண்ட் போய் வந்தால் சூடு ஆறும்வரை மறுபடி பற்றாது. "என்ன தாத்தா, ரிப்பேரா?" என்றான். கரண்ட் வந்தும் தெரு மட்டும் இருட்டாகக் கிடந்த அந்த நிமிஷங்களில் எனக்கு எத்தனை வசவு கிடைத்தது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

மெர்க்குரி விளக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளிக் கண்ணாடி உடைந்தாலும் உள்ளே இருக்கும் சின்னக் குழாய் எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் புறஊதாக் கதிர் கண்ணைப் பதம் பார்த்துவிடும். ஒருமுறை தெரியாமல் அப்படி ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். வெல்டிங்கை வெறும் கண்ணால் பார்த்தவன் போல, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட உறுத்தல். இரும்புக் கடையில் அந்த பல்பை உடைத்தால் உள்ளே இருக்கும் பாதரசம் அங்கே வேலை செய்கிற பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். பாதரசக் கழிவு கலந்த கடல் மீனைத் தின்று ஜப்பானில் ஓர் ஊரே நோயில் விழுந்தது. அந்த மினமாட்டாவின் பெயரில்தான் 2013-ல் உலக ஒப்பந்தம் போட்டார்கள். 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆகவே பல்புகளை ஏலக் குவியலில் சேர்க்காமல், கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

மற்றபடி நான் கேட்பது சிறிய காரியம். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு முழு செட்டை, அதாவது மூடி, சோக், விளக்கைப் பற்றவைக்கும் இக்னைட்டர், பிராக்கெட் எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன் எடுத்து வையுங்கள். எந்தத் தெருவில் எந்த வருஷம் வரை எரிந்தது என்று ஒரு சீட்டு கட்டுங்கள். அப்புறம் உள்ளூர் ஐ.டி.ஐ.க்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கலை அருங்காட்சியக வாசலிலேயே 202 பழைய தெருவிளக்குகளை வரிசையாக நட்டு எரிய விட்டிருக்கிறார்கள். நமக்கு நாலு போதும்.

என்னைப் போன்றவர்களுக்கும் ரசீது போட்டு விற்க ஒரு வழி செய்யலாம். கம்பத்தில் இருப்பதையே கழற்றித் தரட்டுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது திருட்டு என்று சொல்லி அனுப்பி வைத்தேன். இன்னொன்று: வாங்குகிறவர்கள் விவரம் தெரியாமல் சோடியம் பிட்டிங்குக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம். பற்றவைக்க இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தள்ளும்.

ஏதாவது ஐ.டி.ஐ. இடம் ஒதுக்கினால் என் சேகரிப்பைக் காசு வாங்காமல் கொடுத்துவிடுகிறேன். எனாமல் தொப்பியை மட்டும் கேட்க வேண்டாம். அது திண்ணையில் மாட்டியிருக்கிறது. குப்பை என்று சொன்ன என் மனைவி அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் பூக் கட்டுகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
சிவகங்கை மாவட்டம்.